மழை நாளில் செய்யக்கூடாத சோதனை

போன மாதம் நீங்கள் ஏற்றிய அப்டேட் உங்கள் சர்வரைப் படுக்க வைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அடித்துப் பிடித்து அதைச் சரி செய்தீர்களாம். அடுத்த அப்டேட்டில் அதே பிழை ஒன்றும் நடக்காதது போல் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டதாம். உங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்க பழைய ஆளு, பிள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்தை எழுதிக் குடுங்கலா" என்றார். என்னிடம் ரெண்டு வார்த்தை கேட்டவர்கள் யாரும் ரெண்டு வார்த்தையோடு தப்பித்ததில்லை. அது அவருக்குத் தெரியாது, பாவம்.

சர்வரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் ஈப்போவில் ஒரு தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஆனால் நல்லதாக்குகிறேன் என்று வருகிற புது புரோகிராம் எப்படிக் கெடுக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கெடுத்ததைத் திருத்திய பிறகும் அது எந்த வழியாகத் திரும்பி வரும் என்பதும் தெரியும். ஆகவே எழுதுகிறேன். படித்துவிட்டுப் போய் வேலையைப் பாருங்கள்.

எழுபதுகளில் நான் ஆப்பரேட்டராகச் சேர்ந்தபோது, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பலகையில் கயிறு செருகி ஊரையும் ஊரையும் இணைப்பதுதான் வேலை. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு குணம் உண்டு என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். பாரிட் புந்தாரில் அரிசி மில்காரர் மணி அடிக்கும் முன்பே எடுப்பார். கோலா கங்சாரில் ஒரு வக்கீல் ஆபீஸ் இருந்தது. அங்கே எடுப்பார்கள், எடுத்துக் கீழே வைத்துவிட்டு ஆளைத் தேடப் போவார்கள், போனவர் போனவர்தான். ரப்பர் தோட்டங்களுக்குக் கூப்பிட்டால் மட்டும் நாங்கள் மணி அடிக்கும் சாவியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்போம். காலை நேரத்தில் எல்லாரும் காட்டுக்குள் மரம் வெட்டிக்கொண்டிருப்பார்கள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்துக்கொண்டிருப்பார்கள். போன் இருப்பதோ ஆபீஸ் வராந்தாவில். மணி யார் காதிலாவது விழுந்து, அவர் ஓடி வந்து எடுக்க வேண்டும். தோட்டத்துக்குப் போன் போடுகிற எல்லாருக்கும் அது தெரியும். யாரும் அவசரப்படமாட்டார்கள்.

எண்பதுகளின் நடுவில் கயிறும் பலகையும் போய், கணினியால் ஓடும் எக்ஸ்சேஞ்ச் வந்தது. நான் பயிற்சி எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்கு மாறினேன். அந்த அறையில் ஒரே மாதிரியான இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்று வேலை செய்யும், மற்றது துணைக்குக் காத்திருக்கும். வெளிநாட்டில் இருந்த உற்பத்தியாளர் அவ்வப்போது திருத்திய புரோகிராமை ஒரு காந்த நாடாவில் பதிந்து அனுப்புவார். நீங்கள் அப்டேட் என்பதை நாங்கள் நாடா என்போம். "நாடா வந்திருக்கு" என்றால் அன்றைக்கு யாரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போகமாட்டோம்.

எங்கள் தலைமை மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துத் தமிழர். நாங்கள் அவரைச் சீஃப் என்போம். குரலை உயர்த்தாத மனிதர். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார் என்றால் விஷயம் பெரிது என்று தெரிந்துகொள்வோம்.

அந்த வருடம் வந்த நாடா பெரியது. ஏற்றினோம், சோதித்தோம். ஊருக்குள் கூப்பிட்டுப் பார்த்தோம், வெளியூர் கூப்பிட்டோம், அவசர எண்கள், பொதுத் தொலைபேசி எல்லாம் பார்த்தோம். பட்டியலில் ஒரு தோட்டமும் இருந்தது. பத்து காஜா ஊருக்கு அப்பால், ஆற்றோரத்தில் உள்ளது. அங்கே எங்கள் ஆபீஸிலிருந்து முன்கூட்டியே ஒரு கடிதம் போயிருந்தது: இன்ன நாள் இன்ன நேரத்தில் சோதனைக்காக அழைப்போம், தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று. நம் ஆட்களுக்கு மரியாதை முக்கியம் இல்லையா. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டுக்குப் போவோமா என்ன?

அந்தத் தோட்டத்துக் கிராணிக்கும் மரியாதை முக்கியம். கணக்கு வழக்குப் பார்க்கும் கிராணி அவர், காலையில் எடைக் கொட்டகைக்குப் போய்விடுகிறவர். அன்றைக்குப் போகவில்லை. தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. முதல் மணி முடியும் முன்பே எடுத்து, "குட் மார்னிங், எஸ்டேட் ஆபீஸ்!" என்று அவர் போட்ட சத்தத்தில் எங்கள் காது அடைத்துப்போனது. நாங்கள் சிரித்துக்கொண்டே 'சரி' என்று குறித்தோம். சில நாள் பார்த்தோம். ஒரு புகாரும் இல்லை. துணைக் கணினியிலும் புது நாடாவையே ஏற்றிவிட்டோம்.

இன்னும் சில நாள் கழித்து, ஒரு வேலை நாள் காலையில் புகார் எண்ணுக்கு ஒரு பெண் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன். அவர் இடைநிலைப்பள்ளி ஆசிரியை. ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்.

"என் கிளாஸ் பொண்ணுங்க, கோமதின்னு பேரு. காலையில பஸ்ஸில வந்துச்சு, வகுப்புலயே வயித்தப் பிடிச்சிட்டு விழுந்திருச்சு. குடல்வால் வெடிச்சிருக்கும்போலன்னு டாக்டர் சொல்றாரு. உடனே அறுக்கணுமாம். அப்பா அம்மா வரணும், கையெழுத்து வேணும்கிறாங்க. தோட்டத்துக்குப் போட்டுக்கிட்டே இருக்கேன், யாருமே எடுக்க மாட்றாங்க."

"எவ்வளவு நேரம் அடிக்குதுங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

"எங்க அடிக்குது? கொஞ்ச நேரம் அடிக்குது, டக்குனு நின்னு போய் வேற சத்தம் வருது. மறுபடி போட்டா மறுபடி அப்படியேதான்."

அவர் சொன்ன தோட்டம் எங்கள் பட்டியலில் இருந்த அதே ஆற்றோரத் தோட்டம். மணி தானாக நிற்கக் கூடாது. கூப்பிடுகிறவர் வைக்கும் வரைக்கும், இல்லை வெகுநேரம் ஆகும் வரைக்கும் அடிக்க வேண்டும். நானே அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அடித்தது. நின்றது. நான் பழைய ஆப்பரேட்டர் அல்லவா, தோட்டத்து ஆபீஸ் மேட்டில் யாரோ ஓடி வருவது என் கண்ணுக்குத் தெரிந்தது. மணி நின்றதும் அந்த ஆள் திரும்பிப் போவதும் தெரிந்தது.

அறையில் எங்கள் இளம் என்ஜினியர் ஒருவர் இருந்தார். கெட்டிக்காரப் பையன். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. "அக்கா, அப்படியே விடுங்க, எதையும் தொடாதீங்க. இப்ப ஓடுறப்பவே பிடிச்சாதான் எங்க தப்புன்னு தெரியும்" என்று அச்சுப்பொறியை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் சொன்னது தப்பே இல்லை. பிழையைப் பிடிக்க அதுதான் நல்ல வழி.

சீஃப் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"தம்பி, பிழை எங்கயும் ஓடாது. அந்தப் பிள்ளைக்கு நேரம் ஓடுது" என்றார். என் பக்கம் திரும்பி, "இஞ்ச பாரும் பிள்ளை, சோதனை மேசையில இருந்து கையால மணி அடிக்கேலும் தானே? மெஷினைக் கேக்காதேயும். நேரா அந்த லைன்ல அடியும். ஆராவது எடுக்குமட்டும் கையை எடுக்காதேயும்" என்றார்.

சோதனை மேசை என்பது பழுதான லைன்களைப் பார்க்கிற மேசை. அங்கிருந்து ஒரு வீட்டு லைனை நேராகப் பிடித்து மணி அடிக்கலாம், கணினி குறுக்கே வராது. எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. புது நாடாவையே நினைத்துக்கொண்டிருந்தால் வேறெதுவும் நினைவுக்கு வராது. நான் அந்த லைனைப் பிடித்துச் சாவியை அழுத்தினேன். பழைய நாள் மாதிரியே அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஆசிரியையை இன்னொரு போனில் காத்திருக்கச் சொல்லியிருந்தோம். அவர் அழுகிற சத்தம் கேட்டது. எனக்கும் அழுகை வந்தது. சீஃப் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் எடுத்தார்கள். முதலில் மூச்சிரைக்கும் சத்தம்தான் கேட்டது.

"யாரு? யாருலா அது? வெளையாடுறீங்களா? நாலஞ்சு வாட்டி ஓடியாந்துட்டேன், பாதி மேட்டுல வாரப்ப நின்னு போவுது. பேயி கீயி அடிக்குதோன்னு நெனச்சேன்."

அவர் முனியம்மா அக்கா. தாய்மார் மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற ஆயாக்கொட்டகை மேட்டுக்குக் கீழே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் அவர். அந்த நேரத்தில் போன் மணி காதில் விழுகிற தூரத்தில் இருந்த பெரிய ஆள் அவர் ஒருவர்தான். கைப்பிள்ளைகளை விட்டுவிட்டு மேடேறி ஓடி வர வேண்டும்.

விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ, நம்ம கோமதியா? அவ அப்பன் ஆத்தோரக் காட்டுல இருக்கான், ஆத்தாளும் அங்கதான். நான் அம்புட்டுத் தூரம் ஓடுனா இந்தப் பிள்ளைங்கள யாரு பாக்குறது?" பிறகு அவரே, "சரி வையி, மணி அடிக்கிறேன்" என்றார்.

அங்கே ஆபீஸ் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். விடியும் முன் ஆள் கூட்டிப் பேர் எடுக்கிற பெரட்டுக்கு அதை இரும்புக்கட்டையால் அடிப்பார்கள். வேறு நேரத்தில் அதை யாரும் தொடக்கூடாது. தொட்டால் தோட்டத்தில் தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். முனியம்மா அக்கா அன்றைக்கு அதை அடி அடியென்று அடித்திருக்கிறார். ரிசீவரைக்கூட வைக்காமல் போனதால் எங்களுக்கே கேட்டது. காட்டிலிருந்து அத்தனை பேரும் கத்தியும் கையுமாக ஓடி வந்தார்களாம். பங்களாவிலிருந்து மானேஜர் பாதிச் சவரத்தோடு ஓடி வந்து, "எங்கே தீ?" என்று சத்தம் போட்டிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் தன் காரிலேயே கோமதியின் அப்பாவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனார். சோப்பு நுரையைத் துடைத்தாரா என்று தெரியவில்லை.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். மத்தியானம் ஆசிரியை போன் செய்து சொன்னார். இன்னும் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். எங்கள் அறையில் யாரும் கை தட்டவில்லை, உட்கார்ந்துவிட்டோம்.

அதற்குள் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருந்தது. பழைய நாடாவை மறுபடி ஏற்றினால் கொஞ்ச நேரம் எக்ஸ்சேஞ்சே நின்றுபோகும், பேசிக்கொண்டிருக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் லைன் அறும். இரண்டு கணினியிலும் புதுசையே ஏற்றித் தொலைத்திருந்தோமே. மேலிடத்தில் வார இறுதி வரை பொறுக்கச் சொன்னார்கள். சீஃப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரி, தீயணைப்பு, போலீஸ் எல்லாருக்கும் சொல்லிவிட்டு, ஆபீஸ்கள் சாப்பாட்டுக்குப் போகும் நேரமாகப் பார்த்துப் பழைய நாடாவை ஏற்றினார். அதுவரைக்கும் தோட்டத்துக்கு யார் கூப்பிட்டாலும் சோதனை மேசையிலிருந்து கையால் மணி அடித்துக்கொண்டிருந்தோம். ஈப்போ நகரமே எங்களைத் திட்டியது. "ஏசட்டும், ஏச்சுக் கேட்டு ஆரும் சாகிறேல்லை" என்றார் சீஃப்.

காரணத்தை அந்த என்ஜினியர் தம்பிதான் சில நாளில் கண்டுபிடித்தார். எடுக்காத மணி வீணாக அடித்துக்கொண்டிருந்தால் லைன் அடைபடுகிறது என்று, எவ்வளவு நேரம் அடிக்கலாம் என்ற எல்லையை உற்பத்தியாளர் குறைத்திருந்தார். அவர் ஊரில் போன் மேசை மேலே இருக்கும். அவர் செய்தது அவர் ஊருக்குச் சரி. அந்த ஓர் எண்ணை மட்டும் நாங்கள் மாற்றிக்கொண்டு, மறுபடி புது நாடாவை ஏற்றினோம்.

ஆனால் என்னை உறுத்தியது அது இல்லை. அத்தனை நாள் ஒரு புகாரும் வரவில்லையே, ஏன்? யோசித்துப் பார்த்தேன். ஊரிலிருந்து கூப்பிட்டவர்கள், தோட்டத்தில் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டார்கள். தோட்டத்தில் ஓடி வந்தவர்கள், கூப்பிட்டவர் பொறுமையில்லாமல் வைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் குறை சொன்னார்கள், நடுவில் இருந்த எங்களை யாரும் சந்தேகப்படவில்லை. புகார் இல்லை என்பதை நல்ல சேதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பிள்ளைகளே. எனக்கு அந்தப் பாடம் ஒரு பெண் குழந்தையின் வயிற்றைக் காட்டிச் சொல்லித்தரப்பட்டது.

சீஃப் பணி ஓய்வு பெறும் முன்பு சோதனைப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தார். ஒவ்வொரு நாடாவுக்கும், வெட்டு நேரத்தில், அந்தத் தோட்டத்துக்கு, சொல்லாமல் கூப்பிட வேண்டும். "பிழையைத் திருத்தினது காணாது. அது திரும்பி வாற வழியில ஒரு ஆளை நிறுத்தவேணும். அந்த ஆள் நீர்தான்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அடுத்த பெரிய நாடா வந்தது. கூடவே கோலாலம்பூரிலிருந்து ஓர் என்ஜினியரும் வந்தார். சீனர், நல்ல மனிதர், நகைச்சுவையும் உண்டு. ஆனால் அவருக்குப் பின்னால் இன்னும் பல ஊர்கள் காத்துக்கொண்டிருந்தன. எங்கள் ஊர் சரி என்று கையெழுத்தானால்தான் அவர் அடுத்த ஊருக்குப் போக முடியும். இந்த முறை ஒரு கணினியில் மட்டும் புது நாடாவை ஏற்றி, காலையில் கொஞ்ச நேரம் அதன் பக்கம் மாற்றிச் சோதிப்பது, பிறகு பழைய பக்கத்துக்கே திரும்பிவிடுவது என்று ஏற்பாடு. எல்லாச் சோதனையும் சரியாக வந்தது. என் ஒரு வரி மட்டும் பாக்கி, அதற்கு நான்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"கூப்பிடுங்க, முடிச்சிடலாம்" என்றார் அவர் மலாயில்.

"இன்னைக்கு முடியாது, மழை" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மழைக்கும் டெலிபோனுக்கும் என்ன சம்பந்தம்?"

மரம் நனைந்துவிட்டால் வெட்டு கிடையாது. வெட்டு இல்லாத நாளில் யாரும் காட்டுக்குப் போகமாட்டார்கள். ஆபீஸ் வராந்தாவில்தான் பாதித் தோட்டமும் ஒதுங்கி நின்று கதை பேசிக்கொண்டிருக்கும். மணி அடித்த உடனே யாராவது எடுத்துவிடுவார்கள். அன்றைக்குச் சோதித்தால், தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த கிராணியைச் சோதித்த மாதிரிதான். இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுத் தானே ரிசீவரை எடுத்து அந்த எண்ணைப் போட்டார்.

உடனே எடுத்தார்கள். பின்னால் ஒரே சிரிப்பும் சத்தமும். யாரோ ஒரு பையன், "ஹலோ, ஹலோ, யாரு வேணும்?" என்று கத்தினான். என்ஜினியர் ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையை விரித்தார். "சுடாலா, செமுவா ஓகே. எல்லாம் முடிஞ்சுது."

"ஓகே இல்ல" என்றேன்.

மறுநாளும் மழை. அதற்கு மறுநாளும் மழை. அந்த மாதங்களில் பேராக்கில் மழை பிடித்தால் விடாது என்பது உங்களுக்குத் தெரியும். கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டு, ஒரு ஆப்பரேட்டர் பெண்மணிக்காக நாட்டின் திட்டம் நிற்கிறதா என்று கேட்டார். என் பதவி உயர்வுப் பரிந்துரை அவர் மேசையில்தான் இருந்தது, அதையும் நாசூக்காக நினைவூட்டினார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், சம்பளம் வேண்டாமா? ஆனாலும் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. அந்த ஆசிரியை அழுத சத்தம் என் காதில் இருந்தது. "வெயில் அடிக்கட்டும் சார், உடனே போட்டுத் தர்றேன்" என்றேன். அவர் ரிசீவரை வைத்த வேகம் எனக்கு இங்கே கேட்டது.

ஒருநாள் விடியும்போது வானம் வெளுத்திருந்தது. வெட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நிச்சயம் செய்துகொண்டு, புதுப் பக்கத்துக்கு மாற்றி, நான் எண்ணைப் போட்டேன். என்ஜினியர் பக்கத்தில் நின்றார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு டக்கென்று நின்றது.

என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி, அவரே போட்டார். அடித்தது, நின்றது. "லாகி சக்காலி" என்று முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு முறை போட்டார். நின்றது. ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். "நான் இதோட அடுத்த ஊருக்குப் போயிருப்பேன்" என்றார். அவருடைய ஊர்களின் வரிசையில் எத்தனை தோட்டங்கள் இருந்தன என்பதை அவர் அப்போதுதான் நினைத்திருக்க வேண்டும்.

நடந்தது இவ்வளவுதான். மணி அடிக்கும் எல்லையாக நாங்கள் மாற்றிய அந்த ஓர் எண்ணை உற்பத்தியாளர் தன் மூலப் பிரதியில் மாற்றவே இல்லை. எங்கள் ஊரில் மட்டும் ஒட்டுப்போட்டிருந்தோம். புது நாடா அவருடைய பழைய பிரதியிலிருந்து பிறந்தது, பழைய பிழையோடு பிறந்தது. உங்கள் சர்வரிலும் இதுதான் நடந்திருக்கும், விசாரித்துப் பாருங்கள். இந்த முறை என்ஜினியர் விடவில்லை. மூலத்திலேயே திருத்தி அனுப்பினால்தான் ஆயிற்று என்று உற்பத்தியாளரிடம் மல்லுக்கு நின்று வாங்கிவிட்டார். திருந்திய நாடா வந்தது. என் பதவி உயர்வு தாமதமாக வந்தது, அதை விடுங்கள்.

திருந்திய நாடாவையும் வெயில் நாளில்தான் சோதித்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. என்ஜினியர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் எடுத்தார்கள். முதலில் மூச்சிரைப்பு. பிறகு முனியம்மா அக்காவின் குரல்.

"யாரு? யாரு பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா. எக்ஸ்சேஞ்சுல இருந்து பேசுறோம். சும்மா சோதிச்சுப் பாத்தோம்."

"சும்மாவா?" என்றார். "அன்னைக்கும் நீங்கதானா? அடிச்சு அடிச்சு நின்னுச்சே! கோமதிக்கு வந்த மாதிரியே யாருக்கோ வந்திருச்சுன்னு இரும்புக்கட்டையக் கையில எடுத்துட்டேன்லா. அடிக்கிறதா வேணாமான்னு நின்னுகிட்டே அழுதேன்."

எங்கள் பட்டியலில் அது ஒரு வரி. அவருக்கு வெட்டு நேரத்தில் அந்த மணி அடித்தால் யாரோ ஒரு பிள்ளைக்கு ஆபத்து. நாங்கள் சோதித்த ஒவ்வொரு முறையும் ஒரு பெண் நெஞ்சு படபடக்க மேடேறி ஓடி வந்திருக்கிறார். முன்கூட்டிச் சொல்லலாம் என்றால், சொன்னால் சோதனை பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் அவருக்கு இந்த வேதனை. மன்னிப்புக் கேட்டேன். "போவுது போ. வையி, பிள்ளைங்க தனியா இருக்கு" என்று அவர் வைத்துவிட்டார்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் என்ஜினியர். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

அன்று முதல் என் சோதனைக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். எதிர்ப்பக்கம் எடுத்த அந்த நொடியிலேயே, ஹலோ சொல்லாமல், ஊர் பேர் சொல்லாமல், அவர் மூச்சு விட்டு முடிக்கும் முன்பே, "ஒண்ணுமில்லக்கா, சும்மாதான்" என்று சொல்லிவிடுவேன். ஒவ்வொரு நாடாவுக்கும் சொன்னேன். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களும் அப்படியே சொல்லப் பழகினார்கள், தமிழ் தெரியாதவர்கள்கூட.

சில வருடத்தில் அந்தத் தோட்டத்தில் பால்மரத்தை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட ஆரம்பித்தார்கள். ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஈப்போவுக்கும் வேறு ஊர்களுக்கும் போனார்கள். ஆயாக்கொட்டகையை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட சமயம் ஒரு சிறிய நாடா வந்தது. வெயில் பார்த்து, வெட்டு நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். மணி நிற்காமல் அடித்தது. எடுத்தார்கள். மூச்சிரைப்பு கேட்டது. நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் முனியம்மா அக்கா முந்திக்கொண்டார்.

"சும்மாதானே?"

"சும்மாதான்க்கா" என்றேன்.